கடைமடைக்கும் தண்ணீர் போகுமா? இன்லைன், மைக்ரோ டியூப், பி.சி. டிரிப்பர் – ஓர் ஒப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காவிரி டெல்டாவின் சமதள நிலத்தில் வாழை, கரும்பு, காய்கறி எதுவானாலும், சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் பல்வரிசை வழி கொண்ட சாதாரண 16 மி.மீ. இன்லைன் லேட்டரல் (பயிர் வரிசையோடு கிடக்கும், டிரிப்பர் எனும் சொட்டுவான் உள்ளேயே ஒட்டி வரும் குழாய்) போதும். ஒரே நிபந்தனை, வரிசை நீளம் 60 மீட்டரைத் தாண்டக் கூடாது. மைக்ரோ டியூப் எனும் மெல்லிய குழாய்த் துண்டு, மேல்நிலைத் தொட்டியிலிருந்து கொல்லைத் தென்னைகளுக்குப் பாய்ச்ச மட்டும். அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு சொட்டும் பி.சி. டிரிப்பர் நல்ல சரக்குதான்; ஆனால் இங்கே பெரும்பாலான வயல்களுக்கு அது தேவைக்கு மேல்.

இந்த மூன்றையும் பிரிப்பது பிளாஸ்டிக்கின் தரம் மட்டுமல்ல, உள்ளே தண்ணீர் ஓடும் விதமும்தான். கடையில் விலை, சுவர்த்தடிமன், சுருளின் நீளம் வரை பேச்சு வரும்; இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்று மானியத்தில் வருவதால் வாங்குபவரும் கேட்பதில்லை.

குழாய்க்குள் தண்ணீர் இரண்டு விதமாக ஓடும். மெதுவாகப் போகும்போது அடுக்கடுக்காக, ஓர் அடுக்கு இன்னொன்றில் கலக்காமல் வழுக்கிக்கொண்டு போவது வரிச்சீர் ஓட்டம். வேகம் கூடினால் அடுக்குகள் உடைந்து, புரண்டு, சுழிந்து போவது சுழற்சி ஓட்டம். 1883-ல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயத்தை விட்டு இதைக் காட்டினார். வால்வைக் கொஞ்சமாகத் திறந்தபோது சாயம் நூல் பிடித்ததுபோல நேராகப் போனது. திறக்கத் திறக்க ஒரு கட்டத்தில் கலைந்து குழாய் முழுவதும் பரவியது. எந்தக் கட்டம் என்பதைச் சொல்வதுதான் ரெனால்ட்ஸ் எண். வயலில் நின்றே போடக்கூடிய கணக்கு அது: நொடிக்கு எத்தனை மி.மீ. வேகம் என்பதைக் குழாயின் உள்விட்ட மி.மீ.-ஆல் பெருக்கி 0.8-ஆல் வகுக்க வேண்டும். அந்த 0.8, 30 டிகிரித் தண்ணீரின் பாகுநிலை. விடை 2000-க்குக் கீழே என்றால் வரிச்சீர், 4000-க்கு மேலே என்றால் சுழற்சி. நடுவில் இருப்பது இரண்டுங்கெட்டான். எந்த நேரம் எப்படிப் போகும் என்று நம்ப முடியாது.

பாய்ச்சுபவருக்கு இதில் என்ன வந்தது? வரிச்சீர் ஓட்டத்தில் அழுத்தம் பாதியானால் வரும் தண்ணீரும் பாதியாகிவிடும். சுழற்சி ஓட்டத்தில் அழுத்தம் பாதியானாலும் தண்ணீர் 71 சதவீதம் வரும், ஏனென்றால் அது அழுத்தத்தின் வர்க்கமூலத்தைத்தான் பின்பற்றுகிறது. நிறுவனத்தின் விவரத் தாளில் ‘எக்ஸ்’ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது 1-ஐ ஒட்டி இருந்தால் வரிச்சீர், 0.5-ஐ ஒட்டி இருந்தால் சுழற்சி, பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் பி.சி. அந்த எண் இல்லாத தாள் வெறும் விளம்பரம்.

வரிசைத் தொடக்கத்துக்கும் கடைசிக்கும் 20 சதவீத அழுத்த வித்தியாசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ் 1 என்றால் கடைசிக் கன்றுக்கு 20 சதவீதத் தண்ணீர் குறையும், 0.5 என்றால் 11 சதவீதம்தான். கல்லணையில் நிறைய விட்டாலும் வேதாரண்யம் பக்கம் வருவது வேறு கதை என்பது டெல்டாக்காரருக்குப் புதிதல்ல. லேட்டரலுக்கும் ஒரு கடைமடை உண்டு.

மைக்ரோ டியூப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1.2 மி.மீ. உள்விட்டம், 1 மீட்டர் நீளத் துண்டு, 2 மீட்டர் உயரத்தில் தொட்டி என்றால் மணிக்கு சுமார் 4 லிட்டர் சொட்டும். ரெனால்ட்ஸ் எண் சுமார் 1,470. சந்தேகமில்லாத வரிச்சீர் ஓட்டம். இதன் நல்ல குணம், துண்டின் நீளத்தை வெட்டியே அளவைச் சரிசெய்யலாம். தொட்டியை ஒட்டிய மரத்துக்கு 1 மீட்டர் என்றால், அழுத்தம் 1.5 மீட்டராகக் குறைந்த இடத்தில் 75 செ.மீ. வைத்தால் சமமாகிவிடும். கெட்ட குணங்கள் மூன்று. வரிச்சீர் ஓட்டத்தில் நீரளவு விட்டத்தின் நான்காம் படியைப் பிடித்துக்கொண்டு போவதால், தயாரிப்பில் 0.1 மி.மீ. கூடினாலே தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வெயிலில் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 35-க்கு ஏறினால் பாகுநிலை இறங்கி, சுமார் 20 சதவீதம் அதிகம் சொட்டும். காலையில் ஒரு அளவு, மதியம் ஒரு அளவு. மூன்றாவது, இதே துண்டை மோட்டார் லைனில் 1 கிலோ (சதுர செ.மீ.-க்கு) அழுத்தத்தில் மாட்டுவது. அப்போது எண் 3,000-ஐத் தாண்டி அந்த இரண்டுங்கெட்டான் பகுதிக்குள் போய்விடும், ஒரு மரத்தடியில் பீய்ச்சும், இன்னொன்றில் ஒழுகும். மோட்டார் லைனில் மைக்ரோ டியூப் வேண்டாம்.

இப்போது இன்லைன். குழாய்க்குள்ளேயே 30, 40, 50 அல்லது 60 செ.மீ. இடைவெளியில் டிரிப்பர் ஒட்டி வரும் சரக்கு. ஒரு துண்டை வாங்கி பிளேடால் நீளவாக்கில் கிழித்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சின்னப் பட்டை. அதில் நுழைவாய்ச் சல்லடைக் கீறல்கள், அடுத்து ரம்பப் பல் போல இருபுறமும் மாறி மாறி நீட்டிக்கொண்டிருக்கும் வளைவழி, கடைசியில் ஒரு சின்னக் குளம், அதற்கு மேல் வெளியேறும் ஓட்டை. நாம் காசு கொடுப்பது அந்தப் பல்வரிசைக்குத்தான்.

அது இல்லாமல் வெறும் ஓட்டை போட்டால் என்ன? 1 கிலோ அழுத்தத்தில் மணிக்கு 4 லிட்டர் மட்டும் விட வேண்டுமென்றால் ஓட்டை 0.4 மி.மீ. விட்டத்தில் இருக்க வேண்டும். டெல்டா தண்ணீரில் அது ஒரு வாரம் தாங்காது. பல்வரிசையில் தண்ணீர் ஒவ்வொரு பல்லிலும் முட்டி, திரும்பி, சுழிந்து கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தை இழக்கிறது. பல படிகளில் இழப்பதால் வழி 1 மி.மீ. அளவுக்கு அகலமாக இருந்தாலும் அதே 4 லிட்டர்தான் வரும். அதுவும் போக, பல்லுக்குப் பின்னால் சுழலும் தண்ணீர் வண்டலை உட்காரவிடாமல் அரித்துக்கொண்டே இருக்கும்.

கணக்குத் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். 1 மி.மீ. சதுர வழியில் 4 லிட்டர் என்றால் நொடிக்கு 1,111 மி.மீ.; எண் சுமார் 1,390தான் வருகிறது, அப்படியானால் அது வரிச்சீர் ஓட்டம் அல்லவா? 2000 என்ற எல்லை நேரான, வழவழப்பான குழாய்க்கு. பல் முனையில் ஓட்டம் சுவரைவிட்டுப் பிய்ந்து போவதால் அதைவிட மிகக் குறைந்த எண்ணிலேயே சுழற்சி தொடங்கிவிடும். ஆகவே பல் கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். தேய்ந்த அச்சில் வார்த்து, பல் முனை மழுங்கி, விளிம்பில் பிசிறு தொங்கும் சரக்கு மலிவாகக் கிடைக்கும். பல் மழுங்கினால் எக்ஸ் 0.5-லிருந்து மேலே ஏறும், பிசிறில் மண் மாட்டும்.

கிழித்துப் பார்த்ததோடு நிற்காமல் ஊற்றிப் பார்க்கவும் வேண்டும். ஒரு துண்டில் பிரஷர் கேஜ் மாட்டி, கடைசியை மூடி, 1 கிலோ அழுத்தம் வைத்து மூன்று நிமிடம் அளவுக் குவளையில் பிடிக்க வேண்டும். 4 லிட்டர் டிரிப்பர் 200 மி.லி. தர வேண்டும், 2 லிட்டர் டிரிப்பர் 100 மி.லி. பிறகு வால்வைத் திருகி அரைக் கிலோவுக்கு இறக்கி மறுபடி மூன்று நிமிடம். 4 லிட்டர் டிரிப்பரில் 140 மி.லி.-ஐ ஒட்டி வந்தால் பல்வரிசை தன் வேலையைச் செய்கிறது. 100-ஐ நோக்கி இறங்கினால் உள்ளே வரிச்சீர் ஓட்டம். சுருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 200-லேயே நின்றால் அது பி.சி. குழாயின் மேல் ஐ.எஸ். 13488 என்ற இந்தியத் தர எண், அளவு, வகுப்பு, லிட்டர், இடைவெளி அச்சாகியிருக்க வேண்டும் என்பதும் உண்டு. ஆனால் அச்சைவிட குவளைதான் நம்பத்தக்கது.

அடுத்தது நீளம். வாழைக்கு 60 செ.மீ. இடைவெளி, 4 லிட்டர், 60 மீட்டர் வரிசை. டிரிப்பர் 100, நுழைவில் மணிக்கு 400 லிட்டர். 16 மி.மீ. லேட்டரலின் உள்விட்டம் சுமார் 13.8 மி.மீ.; வேகம் நொடிக்கு 740 மி.மீ.; எண் சுமார் 12,800, நல்ல சுழற்சி ஓட்டம். உராய்வில் போகும் அழுத்தம் சுமார் 1.3 மீட்டர். 1 கிலோ என்பது 10 மீட்டர் என்பதால் இது 13 சதவீதம், பரவாயில்லை. இதையே 70 மீட்டராக்கினால் 2 மீட்டர் போகும். 90 மீட்டராக்கினால் சுமார் 4 மீட்டர். ஒன்றரை மடங்கு நீளத்துக்கு மூன்று மடங்கு இழப்பு. அந்த 90 மீட்டர் வரிசையின் கடைசியில் இன்லைன் டிரிப்பர் 3.1 லிட்டர்தான் தரும். ‘நூறு மீட்டர் வரைக்கும் தாராளமா போகும் சார்’ என்று சொல்லும் ஃபிட்டரிடம் இந்தக் கணக்கைக் கேட்கலாம். நடுவில் சப்மெயின் (லேட்டரல்களுக்குத் தண்ணீர் தரும் கிளைக் குழாய்) வைத்து இருபுறமும் 45 மீட்டர் பிரித்தால் அதே குழாயில் காரியம் முடிந்தது. இழப்பில் சுமார் 85 சதவீதம் வரிசையின் முதல் பாதியிலேயே நடந்துவிடுவதால், கடைசிப் பக்கம் மட்டும் பெரிய குழாய் போட்டு ஒட்டுவதில் பயனில்லை.

இனி, வாங்கிய பிறகு எல்லாரும் கோட்டைவிடும் இடம். ஒவ்வொரு டிரிப்பரைத் தாண்டும்போதும் லேட்டரலில் ஓடும் தண்ணீர் 4 லிட்டர் குறைகிறது. மணிக்கு 62 லிட்டருக்குக் கீழே வந்ததும் எண் 2000-ஐ விட்டு இறங்கிவிடுகிறது. அதாவது கடைசி 15 டிரிப்பர், கடைசி 9 மீட்டர், உள்ளே ஓடுவது வரிச்சீர் ஓட்டம். அழுத்தத்துக்கு அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. மண்ணுக்குத்தான் அது கொண்டாட்டம். முதல் 51 மீட்டரைத் தண்ணீர் இரண்டரை நிமிடத்தில் கடக்கிறது. கடைசி 9 மீட்டரைக் கடக்க நாலரை நிமிடம் எடுத்துக்கொள்கிறது. சுழிப்பு இருக்கும்வரை தூக்கிக்கொண்டு வந்த களியும் வண்டலும் சுழிப்பு நின்ற இடத்தில் உட்கார்ந்துவிடும், ஆற்றில் நீர் தேங்கும் இடத்தில் படுகை விழுவதுபோல. ‘டிரிப் போட்டால் வரிசைக் கடைசிக் கன்று காய்கிறது’ என்ற புகாரில் பெரும்பங்கு இதுதான். டிரிப்பரைக் குறைசொல்வதில் நியாயமில்லை.

மருந்து, கடைசி மூடியைத் திறந்து அலசுவது. ஆனால் அலசும் தண்ணீருக்கு வேகம் வேண்டும்: குழாயின் கடைசியில் நொடிக்கு குறைந்தது 30 செ.மீ. அந்த வேகத்தில் எண் 5,000-ஐத் தாண்டுகிறது; கடைசி முனை வரை சுழற்சி ஓட்டம் ஆகி, உட்கார்ந்த மண் எழும்பும். ஒரு லேட்டரலுக்கு இது மணிக்கு 160 லிட்டர் கூடுதல் தண்ணீர். ஒரு ஏக்கரின் எல்லா மூடிகளையும் ஒரே நேரத்தில் திறந்தால் அழுத்தம் விழுந்து எதிலும் அந்த வேகம் வராது, ஒழுகும், அவ்வளவுதான். நாலைந்து வரிசைகளாகத் திறக்க வேண்டும். கலங்கல் வந்து தெளிந்ததும் மூடுவது பழக்கம், அது போதாது. நுழைவிலிருந்து புறப்பட்ட தண்ணீர் 60 மீட்டரைக் கடந்து வெளியே வரவே 100 நொடி ஆகும். இரண்டு நிமிடம் விட்டுவிட்டு மூடினால் சரி. ஆற்றுத் தண்ணீர் பயன்படுத்தும் மாதங்களில் வாரம் ஒருமுறை, போர் தண்ணீருக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. குழாயை மடித்துச் சொருகும் எட்டு வடிவ மூடியே போதும். கழற்றுவது எளிது என்பதுதான் அதன் தரம்.

பி.சி. டிரிப்பரில் பல்வரிசையோடு ஒரு சிலிகோன் சவ்வு இருக்கும். அழுத்தம் கூடினால் சவ்வு அமுங்கி வழியைச் சுருக்கும், குறைந்தால் விரியும். ஆகவே தன் வரம்புக்குள் எந்த அழுத்தத்திலும் ஒரே அளவு. சரிவான மலைத் தோட்டத்துக்கு இது வேண்டும். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் வயலின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் உயர வித்தியாசம் விரல்கடை அளவுதான். தவிர, சவ்வு வேலைசெய்யக் குறைந்தபட்ச அழுத்தம் தேவை. கிழட்டு மோட்டார் அதைத் தரவில்லையென்றால் கொடுத்த காசு வீண். இரும்புக் கசடு சவ்வில் ஒட்டினால் சாதாரண டிரிப்பர்போல அலசி மீட்க முடிவதில்லை. வரப்பு வெட்ட முடியாத, சப்மெயினை நடுவில் கொண்டுபோக வழியில்லாத 80, 90 மீட்டர் வரிசை இருந்தால் மட்டும் பி.சி. வாங்கலாம். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகளில் மரத்துக்கு நான்கு பட்டன் டிரிப்பர் குத்துவார்கள். அங்கேயும் நீள வரிசைகளுக்கு பி.சி. பொருந்தும்.

2 லிட்டரா 4 லிட்டரா என்பதில் ஒரு இழுபறி உண்டு. 2 லிட்டர் டிரிப்பரின் வழி குறுகல், அடைப்பு சீக்கிரம் வரும். அந்த வகையில் 4 லிட்டர் மேல். ஆனால் பழைய டெல்டாவின் களிமண்ணில் 4 லிட்டர் உள்ளே இறங்காமல் தேங்கும். அங்கே 60 செ.மீ. இடைவெளியில் 4 லிட்டரைப் போட்டு, ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஓட்டுவதை விட்டு மணிக்கணக்கைப் பிரித்து இரண்டு தவணையாக ஓட்டுவது நல்லது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே போய்விடும், 40 செ.மீ. இடைவெளி வேண்டும். அப்போது அதே 60 மீட்டரில் டிரிப்பர் 150 ஆகிவிடுவதால் வரிசையைச் சுருக்க வேண்டும் அல்லது 2 லிட்டருக்கு இறங்க வேண்டும்.

ஃபில்டரை டிரிப்பரின் வழி அகலத்தில் ஏழில் ஒன்று முதல் பத்தில் ஒன்றுக்கு மேல் எதுவும் போகாதபடி தேர்ந்தெடுக்க வேண்டும். 1 மி.மீ. வழிக்கு 120 மெஷ், அதாவது 130 மைக்ரான். இது எல்லாருக்கும் பொது. அதற்கு முன்னால் என்ன வைப்பது என்பதுதான் தண்ணீரைப் பொறுத்தது. ஃபில்டர் பாயிண்ட் எனும் ஆழமில்லாத போரில் நுண்மணல் வரும். அதற்கு, தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஹைட்ரோ சைக்ளோன். புது ஆற்று (கல்லணைக் கால்வாய்) தண்ணீர், குளத்துத் தண்ணீர், பண்ணைக் குட்டை என்றால் பாசியும் களியும். அதற்கு மணல் ஃபில்டர், ஹைட்ரோ சைக்ளோன் அங்கே எதையும் பிடிக்காது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கேஜ் இருக்க வேண்டும். வித்தியாசம் அரைக் கிலோவைத் தொட்டால் கழுவும் நேரம். மானியத்தில் வரும் கேஜ் மழைத்தண்ணீர் புகுந்து முள் ஒட்டிக்கொள்வது சகஜம். சொந்தக் காசில் கிளிசரின் நிரப்பிய கேஜ் ஒன்று வாங்குவது இந்த முழு அமைப்பிலேயே லாபமான செலவு.

களி மிகவும் பொடி. எந்த 120 மெஷ்ஷிலும் அது நிற்காது. டிரிப்பரின் பல்வரிசையையும் சுழிப்போடு சுழிப்பாகக் கடந்து வெளியே போய்விடும். பாக்டீரியாச் சளியோ இரும்போ சேர்ந்தால்தான் அது பசையாகும். தண்ணீரில் இரும்பு லிட்டருக்கு 0.2 மி.கி.-ஐத் தாண்டினால் தொல்லை ஆரம்பம், 1.5-ஐத் தாண்டினால் தொட்டியில் அருவிபோல விழவைத்து, காற்றுப் படவிட்டு, தெளியவைத்துத்தான் லைனில் விட வேண்டும். குழாயின் உள்சுவரில் செம்பழுப்புச் சளி தெரிந்தால் குளோரின்: பிளீச்சிங் பவுடரை முதல் நாள் கரைத்து, தெளிவை மட்டும் வடித்து, லைனுக்குள் கரைசலை உறிஞ்சிவிடும் வெஞ்சுரி வழியாக 10 முதல் 20 பி.பி.எம். வரை அரை மணி நேரம். வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், கடைசி டிரிப்பரில் பிடித்த தண்ணீர் பி.எச். தாளில் 4 காட்டும் வரை; பிறகு அலசல். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே வாளியில் தொடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

ஐப்பசி, கார்த்திகையில் டிரிப் பெரும்பாலும் சும்மா கிடக்கும். நின்ற தண்ணீர் குழாய்க்குள் வற்றினால் சளி காய்ந்து பல்வரிசையில் ஓடுபோல ஒட்டிக்கொள்ளும். மழைக்கு முன் ஒருமுறை குளோரின் ஓட்டி, அலசி, மூடிகளைத் திறந்து வடியவிட்டு, வெள்ளம் உள்ளே புகாதபடி முனைகளை மடித்துக் கட்டி வைக்க வேண்டும். தை பிறந்து மோட்டார் போட்டதும் வயலில் பரவலாக 20 டிரிப்பரில் மூன்று நிமிடக் குவளை பிடிக்கவும். மிகக் குறைவாகத் தந்த ஐந்தின் சராசரி, இருபதின் சராசரியில் 90 சதவீதம் இருந்தால் தொட வேண்டாம். 80-க்குக் கீழே இருந்தால் அலசலும் அமிலமும். அதற்கும் ஏறவில்லையென்றால் கடைசி 9 மீட்டரை மட்டும் வெட்டி எறிந்து ஜாயிண்டர் போட்டுப் புதுத் துண்டு ஒட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும், முழுச் சுருளையும் மாற்ற வேண்டியதில்லை.